நான் கொடுத்தனுப்பிய மனுக்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

பாலம் வரை நடந்து திரும்பினேன். சர்க்கரைக்காக டாக்டர் சொல்லி ஆரம்பித்த நடை. இப்போது நீர்க்கோழிக்காகப் போகிறேன். சாலையை ஒட்டிய ஓடையில், நாணலுக்குள் ஐந்து குஞ்சுகள், கரி உருண்டை மாதிரி. பத்தடி தள்ளி யாரோ கிழிந்த மெத்தையை வீசியிருக்கிறார்கள். லாரி ஏறிய பாம்பு ஒன்று தட்டையாகக் கிடந்தது. வந்து மெஷினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடச் சட்டைகளில் பாதிக்கு இன்னும் காலர் வைக்கவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பாலத்தடியில் நாணல் கருகிவிட்டது. சாம்பல் இல்லை, தீ வைத்ததல்ல. வெந்த மாதிரி இருக்கிறது. தவளைகள் மல்லாந்து மிதக்கின்றன. குஞ்சுகளில் இரண்டுதான் கண்ணில் பட்டன.

சாயங்காலம் அவர் பேட்டரிக் கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் சொன்னேன். "எந்தப் படுபாவி இப்படிப் பண்றானோ! நீ ஒரு மனு எழுது. தாலுகா ஆபீஸ் வழியாத்தானே கடைக்குப் போறேன், நானே குடுத்துடறேன்" என்றார். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் என் பேச்சை அவர் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

இரண்டாவது மனு. கொடுத்துவிட்டாராம். "மெதுவாத்தான் நடக்கும், அவசரப்படாதே" என்கிறார்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தாய்க்கோழியையும் காணோம்.

மார்ச் 5, வியாழன்

மூன்றாவது மனு. இந்த முறை அவரே படித்து இரண்டு எழுத்துப் பிழையைத் திருத்தினார். 'ஆசிட்டாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். அதை மட்டும் எடுக்கச் சொன்னார். "தெரியாம எதையும் எழுதக்கூடாது." சரிதானே? எடுத்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

ஆட்டுக்காரம்மாவின் சினை ஆடு செத்துவிட்டது. ஓடைத் தண்ணீரைக் குடித்ததாம். சாலையோரத்தில் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தினம் பாத்துக்கிட்டுத்தானே போறீங்க அக்கா? யார்கிட்டயாவது சொல்லக்கூடாதா?"

மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவள் பார்த்த பார்வை! பொய் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

மார்ச் 13, வெள்ளி

ஆபீசுக்கு நானே போனேன். கிளார்க் பதிவேட்டை இரண்டு முறை புரட்டினார். "ஓடையைப் பத்தி ஒண்ணுமே வரலையேம்மா. யார்கிட்ட குடுத்தனுப்பினீங்க?"

மறந்திருப்பாரோ? ஒன்றை மறக்கலாம். மூன்றையுமா?

மார்ச் 15, ஞாயிறு

அவரிடம் எதுவும் கேட்கவில்லை. வழக்கமான ஞாயிறு போல, கூட்டாளியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வேனை எடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, நான் ஒருநாளும் நடக்காத மதிய வெயிலில் நடந்தேன்.

பாலத்துக்கிட்ட நம்ம வேன் நிக்குது. ரப்பர் கையுறை போட்டுக்கிட்டு, நீலக் கேனைச் சாய்ச்சு ஓடையில ஊத்திக்கிட்டு இருக்கார். பழைய பேட்டரி ஆசிட். என்னைப் பார்த்ததும் கேனை நிமிர்த்திட்டு — மூடியைத் தேடினார். மூடியை!

"வண்டில ஏறு. வீட்டுல பேசிக்கலாம்."

ஏறவில்லை. நடந்தே வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

"ஆசிட்ட முறைப்படி சுத்திகரிக்க அனுப்பினா கடையே மிஞ்சாது. நான் யாருக்காகப் பண்றேன்?"

"மனுவெல்லாம் எங்கே?"

"கடையில இருக்கு. கிழிக்க மனசு வரல. உன் கையெழுத்தாச்சே."

கிழித்துப் போட்டிருந்தால்கூட ஆறியிருக்கும். எதிரில் உட்கார்ந்து என் பிழையைத் திருத்தினானே! அவன் — ஆமாம், அவன்தான். அடித்துத் திருத்தப்போவதில்லை.

மார்ச் 17, செவ்வாய்

நான்காவது மனு. கடையின் பெயர், வேன் நம்பர், உரிமையாளர் என் கணவர் — எல்லாம் எழுதினேன். ஆசிட் என்றே எழுதினேன். கிளார்க் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நல்லா யோசிச்சீங்களாம்மா?"

"முத்திரை குத்தி ரசீது குடுங்க" என்றேன்.

அங்கிருந்து நேராக ஆட்டுக்காரம்மா வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

கடைக்குச் சீல் வைத்துப் பத்து நாள் ஆகிறது. இன்று பரிசோதனைக்கு மண் எடுக்க அதிகாரிகள் வந்தார்கள். ஊற்றிய இடங்களைக் காட்டச் சொல்லி அவரையும் கூட்டி வந்திருந்தார்கள். மனு போட்டவள் என்று என்னையும் வரச் சொன்னார்கள்.

எனக்குத் தெரிந்தது பாலத்தடி ஒன்றுதான். அவர் ஏழு இடம் காட்டினார், எங்கேயும் நின்று யோசிக்காமல். ஏழாவது, சாலையோர அடிகுழாயின் பின்பக்கம். நடை முடிந்ததும் தினமும் அங்கேதான் முகம் கழுவி இரண்டு கை தண்ணீர் குடிப்பேன். அவருக்கு அது தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"இந்தத் தண்ணிய யாராவது குடிக்கிறாங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. "யாரும் இல்ல சார்."

"நான் குடிக்கிறேன்" என்றேன்.

தங்கை வீட்டிலிருந்து எழுதுகிறேன். தையல் மெஷினை நாளைக்குக் கொண்டுவந்து தருவதாக அவள் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். காலையில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும்.