மயிலாடுதுறை மைக்கில் உங்கள் பெயர்

மாமா,

உங்கள் பேரனுக்கு ஏதோ விசாவுக்காகப் பழைய பாஸ்போர்ட்டுகளின் எண்கள் எல்லாம் வேண்டுமாம். இன்று காலையில் போன் செய்து, "முதல் பாஸ்போர்ட்கூட வேணும்மா, தேடி வையி" என்றான். பீரோவின் அடித்தட்டைக் குடைந்ததில் அது கிடைத்துவிட்டது. அட்டை வளைந்து போய், உள்ளே பூச்சி உருண்டை வாடை. அவனுக்கு எட்டு மாதத்தில் எடுத்த போட்டோ. மொட்டை மண்டை, திறந்த வாய், கன்னத்தில் அழிக்க மறந்த மையின் கறை. இரண்டு அக்குளிலும் தடித்த இரண்டு விரல்கள் தெரிகின்றன. அவை உங்களுடையவை.

பூதலூர் ஸ்டூடியோவில் அன்று நடந்த கூத்து நினைவிருக்கிறதா? பிள்ளை தனியாக உட்கார மாட்டான், என் மடியில் வைத்தால் புடவை விழுகிறது, பின்னால் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்கிறார் போட்டோக்காரர். கடைசியில் நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, தலையோடு கால் வெள்ளை வேட்டியைப் போர்த்திக்கொண்டு, அவனை மடியில் தூக்கிப் பிடித்தீர்கள். "மூச்சு விடாதீங்க லஸ்கரய்யா, துணி ஆடுது" என்றார் அவர். மூச்சு விடாமல் இருந்தீர்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனால் உங்கள் முன்னால் சிரிக்கிற அளவுக்கு நமக்குள் அப்போது பழக்கம் கிடையாது.

ஒரே வீட்டில் இருந்தும் நாம் அவ்வளவாகப் பேசிக்கொண்டதில்லை. அத்தை நான் வருவதற்கு முன்பே போய்விட்டார்கள். உங்கள் மகன் கல்யாணமான நாலாம் மாதமே மஸ்கட்டுக்குத் திரும்பிவிட்டார், ஏசி மெக்கானிக் வேலைக்கு. நீங்கள் வாய்க்கால் மதகு திறந்து மூடுகிற லஸ்கர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆகியும் விடியும் முன்பே எழுந்து வாய்க்கால் மதகைப் போய்ப் பார்த்துவிட்டு வருவீர்கள். முப்பது வருடம் ஷட்டரைத் தூக்கி இறக்கியவருக்குத் தூக்கம் எப்படி வரும். "சோறு வைக்கவாங்க மாமா", "வையும்மா." நம் பேச்சு அவ்வளவுதான். பிள்ளை பிறந்த பிறகு அவனைப் பற்றி இன்னும் ஒன்றிரண்டு வார்த்தை கூடியது.

அவனுக்கு உங்கள் பெயரை வைத்தார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது எங்கும் உள்ளதுதான். ஆனால் மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் உள்ளது. ஆக, பெற்ற பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாயானேன் நான். "தம்பி" என்று சமாளித்தேன். பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் விண்ணப்பம், தடுப்பூசி அட்டை எல்லாவற்றிலும் அழகாக எழுதிக் கொடுத்தேன். எழுதலாம், சொல்லக் கூடாது. அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று அப்போது யோசித்ததில்லை.

குடும்ப விசா வந்த செய்தியை உங்கள் மகன் எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்து சொன்னார். மறுவாரமே டிக்கெட். அவர் பிள்ளையை ஒரே ஒரு போட்டோவில்தான் பார்த்திருந்தார். அந்தத் தேதியை விட்டால் இன்னொரு டிக்கெட் எடுக்க எத்தனை மாதம் ஆகுமோ என்ற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதியம் சென்னையில் விமானம். முதல் நாள் தஞ்சாவூரிலிருந்து பகல் ரயில், சென்னையில் உங்கள் சிநேகிதர் வீட்டில் தங்கல். "நான் கொண்டாந்து ஏத்தி விடுறேம்மா" என்றீர்கள். மூன்று பாட்டில்களில் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டீர்கள். புதுத் தண்ணியைப் பிள்ளைக்குத் திடீரென்று கொடுக்கக் கூடாது, வீட்டுத் தண்ணியோடு பாதிப் பாதி கலந்து பழக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு. மஸ்கட் வரைக்கும் பாதிப் பாதி கலக்க மூன்று பாட்டில் போதுமா என்று நான் கேட்கவில்லை.

ரயிலில் சாமான் தட்டின் கம்பியில் என் பழைய புடவையைக் கட்டித் தூளி போட்டீர்கள். ஷட்டர் சங்கிலி கட்டிய கை. முடிச்சு அசையவில்லை. எதிர் சீட்டில், கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு டீச்சர் அம்மா, சிதம்பரம் போகிறவர், காலால் தூளியைத் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தார். வெண்ணாறு, வெட்டாறு என்று ஒவ்வொரு பாலத்திலும் தூங்குகிற பிள்ளைக்கு நீங்கள் ஆற்றின் பெயரைச் சொல்லி, இந்த வருடம் அதில் எவ்வளவு தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்றும் சொன்னீர்கள்.

"பிள்ளை பேரு என்னங்க?" என்று டீச்சர் கேட்டார்.

நான் ஜன்னலைப் பார்த்தேன். நீங்கள் மார்பை நிமிர்த்திக்கொண்டு, "எம் பேருதாங்க வச்சிருக்கு" என்றீர்கள். அந்தப் பெயர் என்ன என்று சொல்ல உங்களுக்குத் தோன்றவில்லை. உங்கள் பெயர் ஊருலகத்துக்கே தெரியும் என்ற நினைப்பு.

கும்பகோணம் தாண்டியதும் அவன் அழ ஆரம்பித்தான். புழுக்கம். பால் கொடுத்தேன், துப்பினான். மயிலாடுதுறையில் வண்டி இருபது நிமிடம் நிற்கும் என்று யாரோ சொன்னார்கள். "காத்தாட வச்சிட்டு வர்றேன். நீ பெட்டியப் பாத்துக்க" என்று அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். கூட்டத்தில் உங்கள் வெள்ளைத் துண்டு கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் தெரியவில்லை.

சிக்னல் விழுந்துவிட்டது. நீங்கள் வரவில்லை. நான் வாசலில் நின்று "மாமா! மாமா!" என்று கத்தினேன். பிளாட்பாரத்தில் இருந்த மாமாக்களில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். "பெட்டிய நான் பாத்துக்கறேன், வண்டி கெளம்புனா சங்கிலிய இழுத்துடுறேன், நீங்க ஓடுங்க" என்றார் டீச்சர். செருப்பைக்கூடப் போடாமல் ஓடினேன். பிள்ளையைத் தொலைத்துவிட்டேன், உங்கள் மகன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது ஒன்றுதான் மனதில் ஓடியது.

ஸ்டேஷன் அலுவலகத்தில் மைக் முன்னால் இருந்தவர் நல்ல மனிதர். ரயில் கார்டுக்குக் கை காட்டி வண்டியை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, "பெரியவர் பேரு சொல்லும்மா, அலவுன்ஸ் பண்ணிடலாம்" என்றார்.

நான் மேஜையில் பேனா தேடினேன்.

"சரி, பிள்ளை பேரு சொல்லு."

அதுவும் அதே பெயர்தான்.

"என்னம்மா, பேரே இல்லாத பிள்ளையா?"

"எழுதித் தரட்டுங்களா?"

"நீ எழுதி நான் படிக்கிறதுக்குள்ள வண்டி சீர்காழி போயிடும்மா!" என்று மைக்கை என் பக்கம் திருப்பிவிட்டார். "நீயே கூப்புடு."

கூப்பிட்டேன் மாமா. உங்கள் பெயரை, முழுதாக, முன்னே பின்னே ஒரு மரியாதையும் இல்லாமல், மயிலாடுதுறை ஜங்ஷன் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எங்க இருக்க? வண்டி கெளம்பப் போவுது, ஓடி வா!" என்று இரண்டு தரம். என் கண் முன்னால் இருந்தது பிள்ளை முகம். எட்டு மாதப் பிள்ளை ஓடி வர மாட்டான் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. அலுவலகத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிளாட்பாரத்தின் கடைசியில் அடுக்கியிருந்த பார்சல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நீங்கள் எழுந்து வந்தீர்கள். நிழலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தோளில் அவன் நன்றாகத் தூங்குகிறான். அவன் முழித்துக்கொள்ளக் கூடாது என்று அந்த நிலைமையிலும் அடி அடியாக நடக்கிறீர்கள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையைப் பறித்துக்கொண்டு, "உங்கள நம்பித்தானங்க குடுத்தேன்! இப்படியா பண்ணுவீங்க?" என்று கத்தினேன். என் வாழ்க்கையில் உங்களை எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான்.

"இப்பத்தாம்மா கண்ண மூடுனான். எந்திரிச்சா முழிச்சுக்குவானேன்னு பாத்தேன்" என்றீர்கள்.

வண்டியில் ஏறிய பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கத்தியதைவிடப் பெயர் சொன்னதுதான் உறுத்தியது. சீர்காழி போயிற்று. கொள்ளிடம் பாலத்தில் வண்டி ஏறியபோது, பிள்ளைக்கு ஆற்றின் பெயரைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. வெளியே பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினீர்கள்.

"எங்கம்மா செத்ததுலேருந்து எம் பேர அப்படி யாரும் கூப்புட்டதில்லம்மா. லஸ்கரு லஸ்கருன்னே போயிடுச்சு. வண்டி ஊதுனது காதுல விழல. அது விழுந்துச்சு."

நான் அழுதுவிட்டேன். டீச்சர் ஒரு கைக்குட்டையைக் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

"இனிமே இவன பேரு சொல்லியே கூப்புடு. தம்பின்னு கூப்புட அங்க ஆயிரம் பேரு இருப்பான்."

"எப்படிங்க மாமா..."

"நாந்தான சொல்றேன். கூப்புடு."

மறுநாள் விமான நிலைய வாசலில் உங்களை அதற்கு மேல் விடவில்லை. அவன் என்னிடம் வர மாட்டேன் என்று உங்கள் துண்டைப் பிடித்துக்கொண்டான். நான் கையை நீட்டி, கொஞ்சம் தயங்கி, பெயரைச் சொன்னேன். நீங்கள் இருவரும் திரும்பினீர்கள். மூன்று பேருமாகச் சிரித்தோம். உங்கள் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அதுதான் நான் உங்களைக் கடைசியாகப் பார்த்ததும் என்று அப்போது தெரியாது. ஊருக்கு வர முடிந்த இரண்டு தடவையும் என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார், திருச்சியோடு திரும்பிவிட்டேன். உங்கள் மகனும் பேரனும் மட்டும் பூதலூருக்கு வந்தார்கள். ஒரு நாள் நானும் வந்திருக்கலாம். வரவில்லை. அதற்கு என்னிடம் சமாதானம் ஒன்றும் இல்லை மாமா.

அவனுக்கு ஆறு வயதாகும்போது ஒரு சாயங்காலம் போன் வந்தது. மதகைப் பார்த்துவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். அன்றைக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் கிடைத்தது. பையை எடுத்து வைத்துக்கொண்டே உங்கள் மகன், "கீழ விளையாடுறான், கூப்புடு, பாத்துட்டுப் போறேன்" என்றார்.

பால்கனிக்குப் போனேன். கீழே பத்துப் பதினைந்து பிள்ளைகள், எல்லாத் தேசத்துப் பிள்ளைகளும், பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. ஐந்து வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொன்ன பெயர். தம்பி என்று கூப்பிட்டுவிடலாமா என்று நினைத்தேன். நீங்கள் சொன்னதை மீறத் தோன்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுதாக, உரக்கக் கூப்பிட்டேன். ஊரில் உங்களை அந்நேரம் கிடத்தியிருப்பார்கள்.

"வர்றேம்மா" என்று குரல் கேட்டது. படியில் தடதடவென்று ஏறி வந்துவிட்டான்.

இப்போது அவன் நண்பர்கள் அந்தப் பெயரை இரண்டெழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். ஆபீஸில் வேறு மாதிரி சொல்கிறார்கள். "நீயும் அப்படியே கூப்பிடேம்மா, ஈசியா இருக்கும்" என்று அவனே சொல்லிப் பார்த்தான். மாட்டேன் என்றுவிட்டேன். முழுதாகத்தான் கூப்பிடுவேன். இந்த மடலில்கூட உங்கள் பெயரை நான் எழுதவில்லை, பாருங்கள். அதை எழுதுவதில் எனக்கு இஷ்டம் போய்விட்டது மாமா. எழுதினால் யாரும் வருவதில்லை. கூப்பிட்டால்தான் யாராவது வருகிறார்கள்.