மொட்டைச் செல்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீங்கள் சுகமா என்று கேட்டால் "ம்" என்று பதில் வரும் என்பதால் இந்த முறை கேட்கவில்லை. போனில் பேசினால் அழுகை வருகிறது, எழுதினால்தான் வாக்கியம் முடிகிறது என்றீர்கள். சரி, எழுதுகிறேன். பள்ளிக்கூடம் முடித்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

முதலில் ஒரு சண்டை. அந்த வெளிநாட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. அம்மாவிடம் "செல்லுக்கு மேல இருக்கிற சர்க்கரைச் சங்கிலி" என்று ஏதோ சொல்லிவிட்டுப் போனீர்களாம். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மருமகள் சர்க்கரை நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெரியப்பா தன் ரத்தப் பரிசோதனை முடிவை என்னிடம் கொடுத்து, உங்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். அனுப்பட்டுமா, அலமாரியில் செருகட்டுமா?

இரண்டாவது, அண்ணன். "அண்ணி பேசினாங்களா?" என்று கேட்டால் "லிஃப்ட் ஒண்ணு நடுவுல நின்னுடுச்சு, போகணும்" என்று கருவிப்பையைத் தூக்குகிறான். ஊரில் இருக்கிற லிஃப்ட்டெல்லாம் நான் வாயைத் திறக்கும் நேரம் பார்த்தா நிற்கும்? நேற்றுதான் வாய் திறந்தான். "அவ பிரிஞ்சுடலாம்கிறா." அவ்வளவுதான். கல்லுளிமங்கன்.

அண்ணி, நிஜமா? நான் அம்மாவிடம் சொல்லவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. குழந்தை அழுகிறான். மீதி உங்கள் பதில் வந்த பிறகு.

உங்கள்
வாயாடி


பிப்ரவரி 24

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கையெழுத்து அப்படியொன்றும் மோசமில்லை. பெரியப்பாவின் முடிவை அவரிடமே திருப்பிக் கொடுத்து, டாக்டரைப் பார்க்கச் சொல். என்னால் அவர் சர்க்கரையை ஒன்றும் செய்ய முடியாது.

நிஜம்தான். இங்கே என் வேலை ஜூனோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறாள் எங்கள் ஆய்வகத் தலைவி. மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். நான் சரியென்றால், உன் அண்ணனை இப்படிக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

ஏன் என்று கேட்பாய். புறப்பட்ட அன்று, மாடிப்படியில் இறங்கும்போது அவரிடம் கேட்டேன்: "நான் போறதுல உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" அவர் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். கீழே போய்ச் சேர்ந்ததும் "டாக்ஸி வந்துடுச்சு" என்றார். எனக்கு அதுவே பதிலாகிவிட்டது. உள்ளே ஏதாவது இருந்தால் அந்த நேரத்தில் ஒரு துளியாவது வெளியே தெரிந்திருக்காதா?

என் வேலையைச் சொல்கிறேன், இனியாவது தெருவில் தப்பாகச் சொல்லாதீர்கள். உன் பிள்ளையின் பால் புட்டி கழுவ ஒரு பிரஷ் வைத்திருப்பாய், நடுவில் கம்பி, சுற்றிலும் முடி. ஒவ்வொரு செல்லின் மேலும் அந்த மாதிரி பிரஷ்கள் நிற்கின்றன. நடுக்கம்பி ஒரு புரதம். முடிக்குப் பதில் நீள நீளமான சர்க்கரைச் சங்கிலிகள். இது நீ தேநீரில் போடும் சர்க்கரை இல்லை. ஒன்றோடொன்று கோத்த வேறு வகைச் சர்க்கரைகள். இதற்குப் பெயர் புரோட்டியோகிளைக்கான். சில பிரஷ்கள் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைத் துளைத்து உள்ளேயும் ஒரு வால் விட்டிருக்கும். சில, கொழுப்பால் ஆன ஒரு காலை மட்டும் சவ்வில் ஊன்றி, வெளியே ஒட்டி நிற்கும்.

உடம்பு ஒழுங்காக வைத்துக்கொள்.

அன்புடன்
அண்ணி


மார்ச் 10

அன்புள்ள அண்ணிக்கு,

பால் புட்டி பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்தேன். புரிந்தது! எங்கள் வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "அது சரி, அந்த பிரஷ் எதைக் கழுவுது?" என்று கேட்டார். மறுபடி குழம்பிவிட்டேன். எதைக் கழுவுகிறது, அண்ணி?

நீங்கள் டாக்ஸி கதையைச் சொன்னதும் எனக்கு உங்கள் இருவர் மேலும் கோபம். அவன் ஒரு உம்மணாமூஞ்சி என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே நான் எச்சரித்தேனா இல்லையா? "பேச உனக்கு நானிருக்கேன், பேசாம இருக்க அவர் போதும்" என்று சிரித்தீர்கள். இப்போது நடுவில் மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிப்பது நான்தான். அங்கிருந்து நீங்கள் சொல்வது ஒன்று, இங்கிருந்து அவன் சொல்லாதது ஒன்று. எதை யாரிடம் சேர்ப்பது?

அம்மா வேறு உங்கள் அறையைத் துடைத்துக்கொண்டே "ஜூன்ல வந்துடுவால்ல?" என்கிறாள். "ஆமாம்மா" என்றேன். பொய்யா நிஜமா என்று எனக்கே தெரியவில்லை.

குழந்தைக்குக் கீழே ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. என் விரலில்தான் சோதனை.

உங்கள்
வாயாடி


மார்ச் 25

அன்புள்ள வாயாடிக்கு,

அந்த பிரஷ் எதையும் கழுவாது. பிடித்து வைக்கும். "வளரு", "காயத்தை மூடு", "இந்தப் பக்கம் நகரு" என்று ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குச் சேதிகள் போகும். அவையும் சின்னச் சின்னப் புரதங்கள்தான். அக்கம்பக்கத்தில் மிதந்துகொண்டிருக்கும் அவற்றைச் சர்க்கரைச் சங்கிலிகள் பிடித்து, பக்கத்திலிருக்கும் கேட்பானிடம், அதாவது சேதியைக் கேட்கும் இன்னொரு புரதத்திடம், சேர்க்கும். கேட்பான்தான் சேதியை உள்ளே சொல்வது. ஆனால் சங்கிலி பிடித்துக் கொடுக்காவிட்டால் பல சேதிகள் கேட்பானுக்குச் சரியாக எட்டாது.

உடனே "அப்படின்னா அது நான்தான்!" என்று குதிப்பாய், தெரியும். குதிக்காதே. செல்லுக்கு மனசும் கிடையாது, நாத்தனாரும் கிடையாது.

இப்போது என் குழப்பத்தையும் கேள். தோல் செல்களைத் தட்டில் வளர்க்கிறேன். தட்டில் இருக்கும்போது "வளரு" என்ற சேதியைக் கொடுத்தால் ஜம்மென்று வளர்கின்றன. ஆக, பிரஷ் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதே செல்களைத் தட்டிலிருந்து எடுத்து, பிரஷ்ஷில் ஒட்டி ஒளிரும் சாயத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் மொட்டை. ஒளியே இல்லை. காயத்திலிருந்து வந்த செல்லும் மொட்டை, நல்ல தோலிலிருந்து வந்த செல்லும் மொட்டை. சாயம் கெட்டுவிட்டதோ என்று பழைய வேலையில் பயன்படுத்திய ரத்தச் செல்களில் போட்டேன். பளிச்சென்று ஒளிர்கிறது. சாயத்தில் கோளாறு இல்லை.

"பிரஷ் இல்லாமலே கேட்கும் செல்கள். புதுக் கண்டுபிடிப்பு, எழுது" என்கிறாள் தலைவி. எனக்குக் கை வரவில்லை. இல்லாத ஒன்று எப்படி வேலை செய்யும்? ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லையென்பேன்? இதே யோசனையில் நேற்று கதவைப் பூட்டாமல் வந்துவிட்டேன்.

அம்மாவிடம் பொய் சொல்லாதே. தெரியவில்லை என்று சொல். எனக்கும் அதுதான் பதில்.

அன்புடன்
அண்ணி


ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கோபித்தாலும் சரி, ஒரு வேலை செய்துவிட்டேன். உங்கள் கடிதத்தில் செல் சமாச்சாரத்தை மட்டும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். சொந்தச் சமாச்சாரம் ஒன்றும் சொல்லவில்லை, குழந்தைமேல் சத்தியம்.

அவன் எங்கள் வீட்டுக் குழாயைச் சரி பண்ணிக்கொண்டிருந்தான். கேட்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. வாசித்து முடித்துவிட்டு "என்ன, புரிஞ்சுதா?" என்றேன். குழாயை முடுக்கி, ஸ்பேனரைக் கீழே வைத்து, கையைத் துடைத்த பிறகு கேட்டான்: "பிடிச்சு வெச்சிருக்கிற சேதி, ரொம்ப நாளானா கெட்டுப்போயிடாதா?"

எனக்கென்ன தெரியும்? "எழுதிக் கேக்கறேன்" என்றேன். "கேளு" என்றான். அண்ணி, அவனாக என்னிடம் ஒன்றைக் கேட்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நீங்கள் எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? கையில் பாரம் இருக்கும்போது அவன் பேசவே மாட்டான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வந்த பழக்கம். லிஃப்ட் பெட்டி சங்கிலியில் தொங்கும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடமாம். பேச்சில் கவனம் போனால் ஆள் போய்விடும். அது வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. கேஸ் சிலிண்டரைத் தூக்கும்போது அம்மா கூப்பிட்டால்கூட இறக்கி வைத்த பிறகுதான் "என்னம்மா" என்பான். அதற்குள் அம்மா கேட்க வந்ததை மறந்துவிட்டுப் போயிருப்பாள். வீட்டில் பாதிச் சண்டை இதனால்தான்.

இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. குழாய் என்றதும் ஞாபகம் வந்தது. இப்போது சொட்டவில்லை.

உங்கள்
வாயாடி


ஏப்ரல் 27

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் வந்த வாரம் ஆய்வகத்தில் ஒன்று நடந்தது. எது முதலில், எது பிறகு என்று எனக்கே குழம்பிக் கிடக்கிறது. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

சாயம் போட்டது போக மீந்த செல்களைக் கொட்ட மறந்து, உணவுக் கரைசலோடு வெதுவெதுப்புப் பெட்டியிலேயே விட்டுவிட்டேன். மறுநாள் கண்ணில் பட்டது. வீணாக்குவானேன் என்று சாயம் போட்டேன். ஒளிர்ந்தன. முந்தின நாள் மொட்டையாக இருந்த அதே செல்கள்!

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. தோல் செல்கள் தட்டில் இறுக ஒட்டிக்கொள்ளும். அவற்றை எடுக்க டிரிப்சின் ஊற்றுவோம். அது புரதத்தை வெட்டும் நொதி. செல்லைத் தட்டோடு பிடித்திருக்கும் புரதங்களை அது வெட்டும், செல் கழன்று வரும். இங்கே எல்லோரும் செய்வது, நானும் யோசிக்காமல் செய்தேன். ஆனால் நான் தேடும் பிரஷ்ஷின் நடுக்கம்பியும் புரதம்தானே? அதையும் சேர்த்து அறுத்துவிட்டு, அறுத்ததைக் கழுவிக் கொட்டிவிட்டு, "ஐயோ, ஒன்றுமே இல்லையே" என்று தேடியிருக்கிறேன். பழைய வேலையில் ரத்தச் செல்கள். அவை மிதப்பவை, பிடுங்கவே வேண்டாம். அந்தப் பழக்கத்தில் எனக்கு இது தோன்றவேயில்லை. தொடாமல் விட்டதும் செல்கள் தாமாகவே புது பிரஷ் முளைக்க வைத்துக்கொண்டன. இப்போது நொதியில்லாத கரைசலில் மெதுவாகக் கழற்றுகிறேன். எல்லாம் ஒளிர்கிறது. தலைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை மறுபடி எடுத்தேன். பாரம் இருக்கும்போது பேச மாட்டான் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். வாயாடி, அன்று அவர் கையில் என் பெட்டி இருந்தது. புத்தகம் அடைத்த பெரிய பெட்டி. மூன்றாம் மாடியிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற மனுஷனிடம் நான் கேள்வி கேட்டேன். கீழே வந்து இறக்கி வைத்தபோது டாக்ஸி நின்றது. நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

செல்லையும் மனுஷனையும் முடிச்சுப் போடாதே என்று உனக்குச் சொன்னவள் நான்தான். இப்போது நானே போடுகிறேன். ஒருவேளை நான் ஆசைப்பட்டதைப் பார்க்கிறேனோ என்றும் பயமாக இருக்கிறது. இத்தனை மாதம் இல்லை என்று நம்பிவிட்டு, ஒரே நாளில் இருக்கிறது என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. அவரை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது, அது மட்டும் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரியும்.

அவர் கேட்டதற்குப் பதில்: கெடாது. தனியாக மிதக்கும் சேதியைத்தான் நொதிகள் சீக்கிரம் அரித்துவிடும். சங்கிலி பிடித்திருக்கும்வரை அதற்கு ஒரு காவல் உண்டு. ஆனால் பிரஷ்ஷையே யாராவது அறுத்துவிட்டால், சேதியையும் பிடித்துக்கொண்டு அது எங்கேயோ மிதந்து போய்விடும். யாருக்கும் சேராது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. இனி நீ எதையும் சுமந்துகொண்டு வராதே. இதுவரை நீ பட்டது போதும். அவருக்கு என்னிடம் ஏதாவது இருந்தால் அவரே சொல்லட்டும். இல்லையென்றால் மே கடைசியில் அந்த மூன்று வருட வேலைக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.

அன்புடன்
அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தை முழுசாக அவன் கையில் கொடுத்தேன். அறைக்குள் கொண்டுபோனான். வெகுநேரம் வரவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், அதற்கும் வரவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன், வழக்கம்போல எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் துணி அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

வெளியே வந்து பேனா கேட்டான். கொடுத்துவிட்டேன். நான் புட்டி கழுவப் போகிறேன். அவன் எழுதியதை நான் படிக்கவில்லை. நானா இது என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

உங்கள்
வாயாடி


மே 9

உனக்கு,

எழுதிப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

அன்று படியில் நீ கேட்டது காதில் விழுந்தது. கீழே போய்ப் பதில் சொல்லலாம் என்று நினைத்தேன். கீழே வந்து பெட்டியை வைத்தேன், டாக்ஸி வந்துவிட்டது என்று சொன்னேன். முதலில் அதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லலாம் என்றிருந்தேன். நீ கதவைச் சாத்திவிட்டாய்.

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன் வேலை உனக்கு எவ்வளவு பெரிது என்று தெரியும். போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. என்ன சொல்வது என்று இத்தனை நாளும் குழப்பம். பிரிந்துவிடலாம் என்று நீ சொன்னபோது, உனக்கு அதுதான் நல்லதோ என்று சும்மா இருந்துவிட்டேன்.

மூன்று வருடம் என்றால் மூன்று வருடம். கையெழுத்துப் போடு. அங்கேயும் மாடிக் கட்டடங்கள் இருக்கும். லிஃப்ட் இருந்தால் என்றைக்காவது நடுவில் நிற்கத்தான் செய்யும். எனக்கு வேலை கிடைக்குமா என்று விசாரித்துச் சொல். அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

படியில் கேட்டதை இன்னொரு தடவை கேள். இப்போது என் கையில் ஒன்றும் இல்லை.

நான்தான்