தொட்டித் தண்ணீர்

சேசு மரி சூசை துணை

காணைப் பக்கம், நம் சேரி
1938, பங்குனி மாதம்

கிளாங் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் என் மகன் ராயப்பனுக்கு அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மாதா காக்க வேண்டும். நாங்கள் இங்கே இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. எப்போதும் உங்கப்பா எழுதுவார், நான் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுங்க அதை எழுதுங்க என்பேன். இந்தத் தடவை அவருக்குத் தெரியாமல் நானே எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் பாத்திரம் கழுவிய காலத்தில் கற்ற எழுத்து, கோணலாக இருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

உனக்குப் பெண் பிறந்ததைப் போன கடிதத்திலேயே உங்கப்பா எழுதிவிட்டார். மூக்கு உன் மூக்கு. செண்பகத்துக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை, கேப்பைக் கஞ்சியைக் குடித்துவிட்டு கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகிறவளுக்கு எங்கிருந்து சுரக்கும். இப்போது பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண் உள்ளே போய்விட்டது, அழுதால் வாய்தான் திறக்கிறது, சத்தம் வரவில்லை. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், கொடுத்த மருந்தையும் கக்கிவிட்டது. இந்த ஊரில் பிள்ளை எடுக்கிற கை என்னுடையது, எந்த முகம் பிழைக்கும் எந்த முகம் பிழைக்காது என்று எனக்குத் தெரியும். செண்பகத்தின் முன்னால் பிள்ளை முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகாமலே கிடந்தது, ராயப்பா. ஏன் என்று சொல்கிறேன் கேள். தபசு காலத்தில் நம் கோயிலில் ஞானஒடுக்கம் வைத்தார்கள், பிரசங்கத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு சாமியார் வந்தார். அவர் கையாலேயே பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று காத்திருந்தோம். நல்ல பிரசங்கம். ஊர்க்காரர்களும் அழுதார்கள், அவர்களையும் நம்மையும் பிரிக்கிற கிராதிக்கு இந்தப் பக்கம் நாமும் அழுதோம். கடைசி நாள் ஞானஸ்நான வார்த்தைப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி கொடுத்து, பசாசை விட்டுவிடுகிறீர்களா என்று கேட்டார். விட்டுவிடுகிறோம் என்று கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொன்னோம். அப்புறம் அவர், எல்லாரும் ஞானஸ்நானத் தொட்டியண்டை வந்து விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். அந்தத் தொட்டி கிராதிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்பதும், நம் பிள்ளைகளுக்கு வாசற்படியில் நிற்க வைத்துச் செம்பில்தான் ஊற்றுவார்கள் என்பதும் அந்தப் புது மனுஷனுக்குத் தெரியாது. உனக்கும் வாசற்படியில்தான் ஊற்றினார்கள்.

உங்கப்பா எழுந்தார். நான் முந்தானையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டேன். கிராதிக் கதவைத் திறந்துகொண்டு போய், தொட்டியில் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டு நெற்றியில் போட்டுக்கொண்டார். வேறு ஒருத்தரும் நகரவில்லை, நம்மவர்களும் நகரவில்லை. அதை அவர் இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சாமியார் நம் பிள்ளைக்கு ஊற்றாமலே விழுப்புரத்தில் ரயிலேறியதும் நாட்டாண்மை ஞானாதிக்கம் ஆட்களோடு கோயிலுக்கு வந்தார். தொட்டித் தண்ணீர் தீட்டாகிவிட்டதாம், கொட்ட வேண்டுமாம். காலையில் தீர்த்தம், சாயங்காலம் தீட்டு. யார் கொட்டுவது என்று கேட்டால் மணியடிக்கிற கோயில்பிள்ளைகூடக் கை வைக்கவில்லை. எனக்கு ஆள் விட்டார்கள். உங்க தீட்டு, உங்க கையாலதான் போவணும் சவுரி, ஜல்தியா அள்ளிக் கொட்டிட்டு சாம்பல் போட்டுத் தேச்சி வுடு என்றார் ஞானாதிக்கம். இந்த ஞானாதிக்கத்தின் பேரன் தாய் வயிற்றிலிருந்து நீலமாக வந்தபோது, சாகப்போகிற பிள்ளைக்கு மருத்துவச்சியே ஊற்றலாம் என்று நம் ஊர்ச் சாமியார் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்த மந்திரத்தைச் சொல்லி, அவர்கள் வீட்டுச் செம்பில் தண்ணீர் மொண்டு, நான்தான் ஊற்றினேன். அன்றைக்கு என் கையில் தீட்டு இல்லை. அந்தப் பையன் இப்போது எங்களைப் பார்த்தால் ஒதுங்கிப் போகிறான். இதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரை வந்தது. மருமகள் வீட்டில் பிள்ளையோடு கிடக்கிறாளே என்று வாயை மூடிக்கொண்டு அள்ளினேன்.

உங்கப்பாவுக்கு அதுதான் பெரிய கோபம். கூப்ட்டா போய்டுவியா நீ, நான் கை வெச்ச தண்ணிய நீயே கொட்டிட்டு வர்றியா என்று கேட்டு, அன்று முதல் என் கையால் சாப்பிடவில்லை. நம் கோயில் விசாரணைச் சாமியார், பெரிய சனிக்கிழமை புதுத் தண்ணீர் மந்திரித்ததும் பழையபடி வாசலில் ஊற்றித் தருகிறேன், ஊர்ச் சமாதானம் முக்கியம் என்று சொல்லி அனுப்பினார். உங்கப்பா, எம் பேத்திக்கு அந்தத் தொட்டித் தண்ணிதான், இல்லன்னா ஒண்ணும் வாணாம் என்று சொல்லிவிட்டார். என்னையும் ஊற்றக்கூடாது என்று மாதா படத்தின் மேல் கை வைக்கச் சொன்னார், நான் வைக்கவில்லை. திண்டிவனத்தில் வேறு ஒரு சபைக்குப் போய்விடலாம் என்று அந்தச் சபையில் இருக்கும் உன் மாமன் பெரியதம்பியைக் கேட்டதற்கு அவன், வா மச்சான், எங்க கோயில்ல கிராதி கெடயாது, பாயி மட்டும் ரெண்டா விரிச்சிக்கினு உக்காருவோம் என்றான். அதைக் கேட்டு உங்கப்பா சிரித்துவிட்டார். இந்த மாதத்தில் அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

அவர் சொன்னதில் பிசகு இல்லை. ஆனால் மானம் பார்க்கப் பிள்ளைக்கு நேரம் இல்லையே. தண்ணீர் ஊற்றாத பிள்ளை என்றால் மந்திரித்த மண்ணில் குழி தரமாட்டார்கள், ஓடைக்கரை முள்ளுக்குள் புதைக்க வேண்டும். இன்று காலையில் செண்பகம் என் காலைக் கட்டிக்கொண்டாள். அத்தே, நாயி தோண்டும் அத்தே என்றாள்.

உங்கப்பா ஏர் ஓட்டப் போயிருந்தார். நான் அடுப்பு மூலையில் இருந்த சின்னக் குடத்தை எடுத்தேன். அன்றைக்குத் தொட்டியை அள்ளினேன் என்றேனே, எல்லாத் தண்ணீரையும் வேலியோரம் கொட்டினேன், கடைசிக் குடத்தைக் கொட்டக் கை வரவில்லை. முந்தானையால் மூடி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தீட்டுத்தானே, எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும் என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் உன் பிள்ளையின் தலையில் மூன்று தரம் ஊற்றி, பிதா சுதன் இஸ்பிரீத்துசாந்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் கொடுத்தேன். ஒரு வார்த்தையும் தவறவில்லை. தண்ணீர் பட்டதும் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்தது, அவ்வளவுதான். பசாசை விட்டுவிடுகிறாயா என்று கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது இந்தப் பிள்ளையிடம் இல்லை.

இதை எழுதும்போது மூச்சு ஓடுகிறது, மெல்ல. கடிதம் கப்பலேறி உன் கைக்கு வரும்போது எப்படியோ, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிழைத்தால் கோயிலில் எந்தத் தண்ணீர் ஊற்றினாய் என்று கேட்பார்கள், பிழைக்காவிட்டாலும் குழிக்காகக் கேட்பார்கள். உங்கள் தொட்டித் தண்ணீர்தான் என்று இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லுவேன். அதற்கு என்ன செய்தாலும் செய்யட்டும். உங்கப்பாவிடம் மட்டும் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

மழையில் நனைந்துகொண்டு ரப்பர்ப் பால் எடுக்கப் போகாதே, சாராயக் கடைப் பக்கம் சேர்க்கை வேண்டாம். முடிந்தால் செண்பகத்தை அங்கே அழைத்துக்கொள், அவளாவது கிராதியில்லாத இடத்தில் முட்டி போடட்டும். சர்வேசுரன் உனக்குத் துணை இருப்பார், மாதா உன்னைக் கைவிடமாட்டாள். ஒன்று மறக்காதே. பதிலை எப்போதும்போல் உங்கப்பா பேருக்கே எழுது. அதில் முதல் வரியில், ஜெயராக்கினி எப்படி இருக்கிறாள் என்று பேரைச் சொல்லிக் கேள். தண்ணீர் ஊற்றும்போது நான் வைத்த பேர் அது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேள். அவர் படித்துவிட்டு, இது யார், இந்தப் பேர் எந்தத் தண்ணீரில் வந்தது என்று என்னைக் கேட்பார். அப்போது குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைக்கிறேன். இன்னும் அடியில் கொஞ்சம் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
சவுரியம்மாள்