மணப்பந்தல் மொட்டையான வரலாறு

நன்மை பெருகுக. பருவத்தில் மழை இறங்குக.

அலை ஓயாத சங்குத்துறை நாட்டை ஆண்டருளுபவரும், முத்துக்குளிக்கும் சலாபங்களுக்கும் உப்பளங்களுக்கும் உரியவரும், சொன்ன சொல்லை இரண்டாம் முறை சொல்லும் வழக்கமில்லாதவருமாகிய அரசி வயிரமாலை நாச்சியார் திருமுன்புக்கு, பொன்னாவரை நாட்டு மன்னர் வேழமுடிச் சேந்தனார் திருவாய் மலர்ந்தருளியபடி ஓலைநாயகம் கூத்தன் பெரியான் பணிந்து எழுதும் திருமுகம். தங்கள் கோட்டையும் கொடியும், தங்கள் மரக்கலங்களும் அவற்றின் பாய்களும், தங்கள் அண்ணன் மகளும் எங்கள் வீட்டுக்கு விளக்கேற்ற வரவிருப்பவருமான இளவரசி ஆழிநங்கையும் நலமே விளங்குக. இங்கே ஆம்பலூரில் மன்னர் நலம், மகாராணியார் நலம், மணமகன் செம்பகச் சேந்தனார் நலம். பந்தல் மட்டும் நலமில்லை. அதைப் பற்றியதே இவ்வோலை.

தங்கள் தூதர் இங்கு வந்து மணப்பந்தலைப் பார்த்துச் சென்று, அதன் கோபுரம் பாதி மொட்டையாக நிற்கிறது என்று தங்களிடம் விண்ணப்பித்ததும், பெண் எடுக்கிற வீட்டாருக்கு நாலு மூங்கில் சிம்புக்கும் வக்கில்லையோ என்று தாங்கள் கேட்டு எழுதியதும் சபையில் வாசிக்கப்பட்டன. மன்னர் சிரித்தார். மகாராணியார் சிரிக்கவில்லை. மணமகனோ முகம் வெளிறிப்போய், கல்யாணம் நின்றுவிடுமா என்று அடியேன் காதோடு வினவினார். ஆகவே நடந்ததை முதலிலிருந்து ஒளிக்காமல் எழுது என்பது மன்னர் கட்டளை. அலங்காரம் பண்ணி நீட்டாதே என்பதும் கட்டளை. பின்னது அடியேனுக்குச் சற்றே கடினம், பொறுத்தருள்க.

அரண்மனை மதிலுக்கும் கீழை வாயிலுக்கும் நடுவே ஒரு பொழில் உண்டு. குடிப்பொழில் என்பது அதன் பெயர். மன்னரின் பாட்டனார் அதை ஊர்மக்களுக்கே நீர்வார்த்துக் கொடுத்துவிட்டார். அங்கே காவலர் இல்லை, சம்பளத் தோட்டக்காரர் இல்லை. நெசவாளரும் குயவரும் பூக்கட்டுவோரும் தத்தம் வேலையை முடித்துவிட்டு, தெருவுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு வந்து அதைப் பேணுகிறார்கள். குளத்துப் பாசியை வழிப்பார்கள். ஆமை முட்டையிடும் கரையில் நாய் புகாமல் முள்ளடைப்பார்கள். அடிபட்ட கீரிக்கு மஞ்சள் பற்றுப் போட்டு, அது கடித்த தம் விரலுக்கும் அதே பற்றைப் போட்டுக்கொள்வார்கள். கூலி ஏதும் இல்லை. முறை முடிந்தபின் ஆளுக்கொரு கலயம் கஞ்சி, அவ்வளவே. பொழிலுக்குச் சட்டமும் ஒன்றே: முட்டை கண்ட இடத்தில் மனிதர் கை படலாகாது. தாமும் தம் வழிவந்தோரும் அதற்குக் கட்டுப்பட்டவரே என்று பாட்டனார் குளக்கரையில் நின்று சத்தியம் செய்திருக்கிறார். இதைத் தாங்கள் நினைவில் வைத்தருள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

அந்தப் பொழிற்கூட்டத்துக்குத் தலைவி வடிவுநாச்சி. நீலச்சாயம் தோய்க்கிறவள். முழங்கை வரை நீலம் ஏறிய கைகள். தேய்த்தாலும் போகாது, அவளும் தேய்ப்பதில்லை. குளத்து மருத மரங்களில் ஆண்டுதோறும் வந்து கூடு கட்டும் சாம்பல் நாரைகள் என்றால் அவளுக்கு உயிர். பிள்ளை பெற்ற மகளைப் பார்க்கப் போவதுபோல் தினமும் போய் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் சாயத்தொட்டிக்குத் திரும்புவாள். அவள் கழுத்து வலிக்குத் தைலம் கொடுக்கும் மருத்துவர் இதைப் பலமுறை கண்டித்தும் பயனில்லை.

இளவரசருக்குச் சங்குத்துறையில் பெண் நிச்சயமாயிற்று என்றதும் ஊரே துள்ளியது. மணப்பெண்ணின் பல்லக்கு குடிப்பொழிலின் வழியாகத்தான் அரண்மனைக்கு வரும் என்று தெரிந்ததும் பொழிற்கூட்டத்தாருக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற மகராசி கண்ணில் ஒரு சருகு பட்டாலும் நமக்கல்லவா அவமானம் என்று வடிவுநாச்சி ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். போதாதா? நெசவுத் தெருவார் தங்கள் முறையில் சருகையெல்லாம் கூட்டினார்கள். அதைக் கண்ட குயவர் தெருவார் விடுவார்களா, தங்கள் முறையில் தரையில் கிடந்த சுள்ளியையெல்லாம் பொறுக்கினார்கள். பூக்காரத் தெருவாரோ ஏணி வைத்து ஏறி, மரத்திலேயே காய்ந்து நின்ற குச்சிகளையும் ஒடித்துவிட்டார்கள். எல்லாம் கட்டுக்கட்டாகக் கஞ்சி அடுப்புக்குப் போயிற்று. தெருவுக்குத் தெரு போட்டி. பொழில் கழுவிவிட்ட கூடம் மாதிரி ஆகிவிட்டது. வடிவுநாச்சி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்து, இதற்குமேல் ஒரு பொழில் இருக்க முடியாது என்று பூரித்துப் போனாள். பாவம்.

அவ்வேளையில்தான் அரண்மனைப் பணிநாயகம் அதிரூபக் கிழார் மணப்பந்தலைக் கட்டி முடித்தார். கிழார் வேலையில் கெட்டிக்காரர், கோபமும் அப்படியே. மூங்கிலைப் பிளந்த சிம்பையும் வெட்டிவேரையும் நீலநூலால் முடிந்து முடிந்து, இந்நாட்டில் எவரும் கண்டிராத கோபுரம் ஒன்றைப் பந்தலின் தலையில் ஏற்றினார். நூலைத் தோய்த்துக் கொடுத்தவள் வடிவுநாச்சி. கோபுரம் நின்ற மறுநாள் விடிந்தபோது அதில் ஓர் ஓட்டை. அடுத்த நாள் ஓட்டைக்குத் தம்பி. கிழார் அடைக்க அடைக்க அது பெருகிற்று. காவல் போட்டார், காவலர் வாயிலைப் பார்த்தே நின்றார்கள், மேலே பார்க்கும்படி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மதிலுக்கு அப்பால் இருப்பவர் யார்? பொழிற்கூட்டத்தார். சுள்ளி பொறுக்கிக் கஞ்சி காய்ச்சுகிறவர் யார்? அவர்களே. நூல் யார் வீட்டு நூல்? கிழாருக்கு இவ்வளவு போதும். பந்தற்சிம்பைத் திருடி அடுப்பெரித்தார்கள் என்று சபையில் முறையிட்டார். வருகிற முழுநிலா நாளுக்குள் திருடன் அகப்படாவிட்டால் பொழிலைக் கூட்டத்தாரிடமிருந்து வாங்கிக் கதவு போட்டுப் பூட்டிக் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார். திருடியது எவராயினும் ஒவ்வொரு சிம்பையும் பிடுங்கிக்கொண்டு வந்து தாம் கோபுரத்தில் ஏற்றுவது உறுதி என்றும் மீசையைத் தொட்டுச் சொன்னார். மன்னரும் வேறு வழி காணாமல் இசைந்தருளினார்.

வடிவுநாச்சிக்கு அன்று சோறு இறங்கவில்லை. திருடி என்ற பேரைவிட, பூட்டு என்ற சொல்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. வழக்கம்போல் மருத மரத்தடியில் போய் அண்ணாந்து நின்றாள். ஒரு நாரை கூட்டில் வந்து இறங்கிற்று. அதன் அலகில் நீளமாக ஒரு சிம்பு. சிம்பின் முனையில் நீலமாக ஏதோ ஆடிற்று. தன் தொட்டி நீலம் அவளுக்குத் தெரியாதா? கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். இந்தக் கூட்டில் நீலம், அந்தக் கூட்டில் நீலம், மரமெல்லாம் அங்கங்கே நீலமுடிச்சு.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே குனிந்தவள் தரையைக் கண்டாள். துப்புரவான தரை. ஒரு குச்சி இல்லை, ஒரு விரற்கடை சுள்ளி இல்லை. பறவைகள் வேறெங்கே போகும் என்பது அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. பெருக்குகிறேன் பேர்வழி என்று அவற்றின் வீட்டுக் கூரையையே அடுப்பில் வைத்துவிட்டோமே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தாரை அழைத்துக் காட்டினாள். உடனே சபைக்குப் போய்ச் சொல்வோம், பழி போகும், பொழில் நம்மிடமே நிற்கும் என்றார்கள் குயவர்கள். நெசவுத் தெருவார் அவர்களை அடக்கி, கிழார் சபதத்தை நினைவுபடுத்தினார்கள். சொன்னால், பொழிற்சட்டமும் பாராமல் கூட்டுக்கு ஏணி வரும். கூடுகளில் முட்டை இருக்கிறது. சொல்லாவிட்டால் பொழிலுக்குப் பூட்டு வரும். அன்று கஞ்சி ஆறிப்போயிற்று, எவரும் தொடவில்லை. கடைசியில் வடிவுநாச்சி எழுந்து, யாரும் வாயைத் திறக்காதீர்கள், பேசுவதை நான் பேசிக்கொள்கிறேன் என்றாள்.

முழுநிலா நாள் காலையில் சபை கூடிற்று. திருடன் யார் என்று மன்னர் வினவினார். வடிவுநாச்சி முன்னே வந்து நீலக்கைகளைக் கூப்பினாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுது என்பது கட்டளையாதலால் அப்படியே பொறிக்கிறேன்:

"சிம்பை எடுத்துட்டுப் போனது நாரைங்க, மகராசா. ஆனா அதுங்கள எடுக்க வச்சது நாங்க. அதுங்க கூடு கட்ட வச்சிருந்த சுள்ளிய எல்லாம் பெருக்கி அடுப்புல போட்டுட்டோம். பொழில எங்ககிட்ட இருந்து வாங்கிக்கிட்டாலும் சரி. முட்டை மேல மட்டும் கை வச்சிடாதீங்க."

பொழிலே போனாலும் போகட்டும் என்று அவள் சொன்னது சபையோர் மனத்தை இளக்கிற்று. கிழார் மட்டும் அசையவில்லை. பறவையாயிருந்தால் என்ன, அரசர் பொருள் அரசர் பொருளே. பெரும்பறை கொட்டி நாரைகளை ஓட்டிவிட்டுச் சிம்புகளை இறக்க உத்தரவு வேண்டும், இல்லையேல் சம்பந்தி வீட்டார் முன் நம் மானம் என்னாவது என்றார். தங்களை நினைத்துத்தான் அவர் அவ்வளவு பதறினார். அது தங்கள் பெருமை. மன்னர் தாடையைத் தடவி, முதலில் சேதத்தை நேரில் பார்ப்போம் என்று எழுந்தருளினார்.

சபை முழுதும் பந்தலடிக்கு வந்தது. முறையிட்ட நாள்முதல் மேலே ஏறாதிருந்த கிழார், எவ்வளவு போயிற்று என்று காட்டுவதற்காகத் தாமே ஏணியில் ஏறினார். ஏறும்போதே நாரைகளைத் திட்டிக்கொண்டு ஏறினார். கோபுரத்தின் மொட்டைத் தலைக்கு மேல் அவர் முகம் எழும்பியதுதான் தாமதம், உள்ளிருந்து நீண்ட அலகு ஒன்று வந்து தலைப்பாகையில் ஒரே குத்து. தலைப்பாகை உருண்டு மன்னர் காலடியில் விழுந்தது. எல்லாரும் கிழார் கத்தப் போகிறார் என்று காதைப் பொத்தினோம். அவர் கத்தவில்லை. வெறுந்தலையோடு அங்கேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்.

"முட்டை இருக்கு. யாரும் சத்தம் போடாதீங்க."

மன்னரையும் சேர்த்துத்தான் சொன்னார். மன்னரும் சத்தம் போடவில்லை. கிழார் ஏணியில் ஒவ்வொரு படியாகப் பூனைநடையில் இறங்கி, வடிவுநாச்சியிடம் போய், முட்டைகள் இளநீல நிறம், உன் சாயமேதான் என்றார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கிழார் வரவழைத்திருந்த பெரும்பறைகளைக் கொண்டுவந்தவர்கள் உத்தரவு கேளாமலே திரும்பிப் போனார்கள்.

அவ்விடத்திலேயே மன்னர் கட்டளையிட்டருளினார். பாட்டனார் வாக்கு மதிலுக்கு இப்புறமும் வாக்கே. ஆகவே குஞ்சுகள் பறக்கும்வரை பந்தலில் எவரும் கை வைக்கலாகாது. பொழில் முன்போலவே கூட்டத்தாரிடம் நிற்கும். அதன் வடபாதியில் துடைப்பம் நுழையலாகாது. சருகும் சுள்ளியும் விழுந்தபடி கிடக்கும். ஊரார் தத்தம் விறகுக் குவியலிலிருந்து ஆளுக்கொரு பிடி சுள்ளி கொண்டுபோய் அங்கே இறைத்து, எடுத்த கடனைத் தீர்க்க வேண்டும். முறைநாட்களில் இனி அரண்மனைக்கும் ஒரு நாள் உண்டு. அன்றைக்கு வருகிறவர் அதிரூபக் கிழார். அவரோ தம் நாள் வரும்வரை காத்திருப்பதில்லை. தினமும் வந்து அண்ணாந்து நிற்கிறார். இப்போது தைலம் இருவருக்கும் போகிறது.

ஆகையால் மாட்சிமை பொருந்திய அரசியார் திருவுளங்கொள்ள வேண்டியவை இவை. பந்தல் மொட்டையாக நிற்பது வறுமையாலன்று, அலட்சியத்தாலுமன்று. தங்கள் இளவரசிக்கு முன்பே அங்கே ஒரு சோடி குடித்தனம் தொடங்கிவிட்டது. மணவறைக்கு நேர்மேலே அவர்கள் இருக்கிறபடியால், மணமக்கள் தலையில் எதுவும் விழாதிருக்க வடிவுநாச்சி தன் கையால் தோய்த்த நீலவிதானம் கட்டப்படும். விதானத்துக்கு வெளியே நிற்போருக்கு நாங்கள் பொறுப்பல்ல. தங்கள் நாட்டுப் பெரும்பறைகள் ஊருக்கு வெளியே ஆற்றங்கரையிலேயே இளைப்பாறட்டும். யாழும் குழலும் போதும். சீர்வரிசையில் முத்து குறைந்தாலும் நாங்கள் வாய் திறக்கமாட்டோம். ஆனால் தங்கள் கரையோரப் புன்னைச் சுள்ளி ஒரு வண்டி தவறாமல் வேண்டும் என்பது மன்னர் வேண்டுகோள், மணமகனின் மன்றாட்டு, கிழாரின் நச்சரிப்பு.

வேழமுடி முத்திரை அரக்கில் பதித்து, மன்னர் கண்பார்வைக்கு வைத்து, தங்கள் தூதர் கையிலேயே இவ்வோலை ஒப்படைக்கப்பட்டது. வாசித்தவரும் கேட்டவரும் வாழ்க. குடிப்பொழிலும் அதைக் காப்போரும் நீடு வாழ்க. இவ்வோலையைச் சுற்றியிருப்பது வடிவுநாச்சி தோய்த்த நூல். பிரித்தபின் எறிந்துவிட வேண்டாம் என்று அவள் தனியே சொல்லியனுப்பினாள்: சாளரத்தில் போட்டு வைத்தருள்க, வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.