லைட்டை நேராப் பிடி

2025 ஜூன் 8, ஞாயிறு

இன்றும் லைட் பிடித்தேன். காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒரு மணி வரை அம்பாசிடருக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வண்டிக்கு அடியில் படுத்திருந்த அப்பாவுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்து மூன்று வயது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ. பெரம்பலூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொத்த வயரிங்கையும் என்னை நம்பி விட்டிருக்கிறார்கள். வீட்டில் நான் டார்ச் மாட்டும் ஸ்டாண்டு.

"நேரா புடி பாப்பா. நட்டு இங்க இருக்கு, நீ ஊருக்கே வெளிச்சம் காட்டுற."

நட்டின் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக.

அரியலூர் டாக்டர் ஒருவருக்கு அப்பா முப்பது வருஷம் ஓட்டிய வண்டி இது. 72ஆம் வருஷத்து மாடல். டாக்டர் இறந்ததும் அவர் பிள்ளைகள் அப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். எட்டு வருஷம் கொட்டகையில் அதன் பின் சீட்டில் கோழி முட்டை போட்டது. இந்தத் தை மாதம் திடீரென்று, "நம்ம ரெண்டு பேரும் சேந்து இத ஓட வெச்சுப்புடுவோம்" என்றார். சேர்ந்து! ஐந்து மாதமாகப்போகிறது. ஒரு போல்ட்டைக்கூட என்னை முடுக்க விட்டதில்லை.

ஜூன் 13, வெள்ளி

அம்மாவும் அப்பாவும் வழக்கம்போல மொபெட்டில் சிறுவாச்சூர் கோவிலுக்குப் போனார்கள். பின்னால் உட்கார்ந்தால் அம்மாவின் வாய் மூடாது. தெரு முனை வரை கேட்கிறது: "லாரி வருது... பள்ளம்... எடது பக்கம் ஆடு நிக்குது..." திரும்பி வந்ததும், "முப்பது வருஷம் வண்டி ஓட்டின மனுஷனுக்கு நீ பாடம் எடுக்காதம்மா" என்று திட்டினேன். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

எரிகிறது. வயிறு எரிகிறது.

வயரிங் மட்டும் என் பொறுப்பு என்று கெஞ்சி வாங்கியிருந்தேன். மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்து ஒவ்வொரு வயராக இழுத்து, சுற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருந்தேன். இன்று அப்பா, பேட்டரி இணைப்பை மட்டும் தானே கொடுப்பேன் என்று பிடுங்கிக்கொண்டார். கறுப்பு வயர் போக வேண்டிய வண்டி பாடியில் சிவப்பு வயரைக் கொண்டுபோய் வைத்து முடுக்கிவிட்டார். பளிச்சென்று ஒரு பொறி. டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. மூன்று வார வேலை மூன்று நிமிஷத்தில் கரி.

அவர் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. "நீ லைட்ட ஒழுங்கா புடிச்சிருந்தா இப்புடி ஆவுமா?"

சிவப்பும் கறுப்பும்! குழந்தைக்குக்கூடத் தெரியுமே! — ஆனால் கை ஆடியிருக்குமோ? நிழல் விழுந்திருக்குமோ?

ஜூலை 6, ஞாயிறு

லைட் பிடிக்கப் போகவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

எழுதிவிட வேண்டும்.

அம்மாவுக்காக இன்று போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் அதே பாட்டு. மேலே காட்டு, கீழே காட்டு, உனக்குக் கவனம் இல்லை. எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. டார்ச்சை அணைத்துவிட்டேன். வேண்டுமென்றேதான். கத்தட்டும், நானும் பதிலுக்குக் கத்துகிறேன் என்று காத்திருந்தேன். அந்தக் கொட்டகைக்குள், வண்டிக்கு அடியில், பகலிலும் இருட்டுதான்.

"ஆங்... இப்பத்தான் சரி. இப்புடியே புடி."

அவர் விரல்கள் நட்டைத் தடவிக் கண்டுபிடித்தன. பிறகுதான் ஸ்பேனர் வந்தது.

அணைந்த டார்ச்சைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அடுப்படியில் அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். ஒரு வருஷமாகத் தெரியுமாம்! அப்பாவுக்குக் கண்ணில் பிரஷராம். இடது கண் சுத்தமாகப் போய்விட்டது. வலது கண்ணில் குழாய்க்குள் பார்க்கிற மாதிரி கொஞ்சம் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று சொல்லிவிட்டார்களாம். ஃபிரிட்ஜில் ஒரு சொட்டு மருந்து இருக்கும்; அதைத் தன் காதுக்கு என்றுதானே அம்மா என்னிடம் சொன்னாள்!

"தெரிஞ்சே அவர் பின்னாடி உக்காந்து ஹைவேயில போறியா?"

"நான் போவலன்னா தனியா போவாருடி."



வண்டிக்கு ஏன் இந்த அவசரம் என்றும் அம்மாதான் சொன்னாள். "கண்ணு முழுசா போறதுக்குள்ள ஒரு தடவ அத சிறுவாச்சூருக்கு ஓட்டிட்டுப் போவணுமாம். கடைசி ஆடி வெள்ளிக்கி. நம்ம எல்லாரையும் உக்கார வெச்சு."

எல்லாரையும் உட்கார வைத்து. நான்கு வழிச் சாலையில். ஆடி வெள்ளிக் கூட்டத்தில்.

எரிந்த வயருக்கு என்னைத் திட்டினாரே! இரண்டு வாரமாக நான் என் கையையே சந்தேகப்பட்டேனே!

ஜூலை 14, திங்கள்

மொபெட் சாவியை எடுத்து ஒளித்துவிட்டேன். அப்பா வாசலில் நின்று கத்தினார். "என் சர்வீஸ்ல ஒரு கீறல் விழுந்திருக்கா வண்டியில? நேத்துப் பொறந்தவ எனக்குச் சொல்ல வந்துட்டா!"

"விழலப்பா. அம்மா பின்னாடி உக்காந்து கத்துனா, அதனால விழல" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்தும் எனக்கு ஆத்திரம் குறையவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

எட்டு நாளாகப் பேச்சு இல்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்து முடித்தேன். தனியாக. அவர் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டு கொட்டகைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டதும் திரும்பாமலே சொன்னார்: "மூணாவது சிலிண்டர் அடிக்கல."

பார்த்தேன். அடிக்கவில்லைதான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அவராகவே வந்து, "ஒரே ஒரு ரவுண்டு பாப்பா" என்றார். மனம் கேட்கவில்லை. அரியலூர் ரோட்டில் பிளாட் போட்டுக் கிடக்கும் காலி நிலத்துக்கு நானே ஓட்டிப்போய், அங்கே ஸ்டீயரிங்கைக் கொடுத்தேன். ஆடு மாடுகூட இல்லாத இடம். பக்கத்தில் உட்கார்ந்து ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டேன்.

கியர் விழுந்த விதம்! வெண்ணெய். முதல் சுற்று முழுக்க முகத்தில் சிரிப்பு. இரண்டாவது சுற்றில், இடது பக்கம், நட்டநடுப் பகலில், மஞ்சள் பெயின்ட் அடித்த பிளாட் கல் ஒன்று. "அப்பா கல்லு!" என்று கத்திப் பிரேக்கை இழுப்பதற்குள் இடித்துவிட்டது. புது பம்பர் நசுங்கியது.

இறங்கிப் போய்த் தடவிப் பார்த்தார். முதலில் பம்பரை. பிறகு கல்லை. கல்லின் உயரம் அவர் இடுப்பளவு.

"இவ்ளோ பெருசா?" என்றார்.

சாவியை என் கையில் வைத்துவிட்டு இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். எனக்குத் திட்ட வரவில்லை. அதுவே எரிச்சலாக இருந்தது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆபீஸ் லீவு. சிறுவாச்சூர் போனோம். ஓட்டியது நான். வேட்டி சட்டையில் அப்பா இடது சீட்டில், அம்மா பின்னால். ஹைவே ஏறியதும் அம்மா பழக்கத்தில் ஆரம்பித்தாள். "லாரி வருது... பஸ்ஸு ஒடிக்கிறான்..."

"சும்மா வா அமிர்தவல்லி" என்றார் அப்பா. "அவளுக்குக் கண்ணு தெரியுது."

கோவிலில் எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைக்க அவர் குனிந்தபோது, எங்கே என்று நான் கையைப் பிடித்துக் காட்டினேன். உதறவில்லை.

ஒரு வருஷத்தை மறைத்ததற்கு எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சைலன்ஸர் கிளாம்ப் தளர்ந்துவிட்டது. நான் வண்டிக்கு அடியில் படுத்தேன். அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச்சைப் பிடித்தார். வெளிச்சம் நேராக என் கண்ணில் அடித்தது. நட்டு இருட்டில் இருந்தது. விரலால் தடவித்தான் பிடித்தேன்.

"சரியா இருக்கா பாப்பா?"

"சரியா இருக்குப்பா. இப்புடியே புடிங்க."