ஒரு கார், ஒரு ரீம்

2 மார்ச் 2025, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் கூட்டம். எங்கள் லண்டன் குட்மேய்ஸ் பேஸ்போல் ரீமுக்கு இந்த வருடம் யார் மனேஜர் என்று கை தூக்கச் சொன்னார்கள். ரஞ்சனாவுக்குப் பதினொன்று. எனக்கு நாலு. அந்த நாலில் ஒன்று என்னுடைய கை.

ஐந்து வருடமாக இந்த ரீமை இழுத்துக்கொண்டு வந்தவள் நான். சரி, கடைசி இரண்டு வருடமும் ஆறு ரீமில் ஆறாவதாக வந்தோம். அதுக்கு நானா காரணம்? முழங்கால் தேஞ்ச ஆக்களை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்ய?

ரஞ்சனா கோயம்புத்தூர்க்காரி. பாங்கில் ஏதோ பெரிய வேலை. போன கோடையில் எங்கள் டொக்டர் சேர்ஜரியில் நோயாளியாகப் பேர் பதிய வந்தாள். அங்கே ரிசப்ஷனில் இருந்த நான்தான், "சும்மா வாரும், விளையாடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனேன். வேலியால போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்டிட்டு இப்ப குத்துது குடையுது எண்டால் ஆரிட்டைச் சொல்ல?

றொமேஷும் அவளுக்குத்தான் கை தூக்கினவர். என்ர மனுசன்! அவர் விளையாடுறதுகூட இல்லை, ஸ்கோர் எழுதுறவர். காரில கேட்டன். "உமக்கும் கொஞ்சம் ரெஸ்ற் வேணுமெல்லே" எண்டார். இண்டைக்குச் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிடட்டும்.

9 மார்ச்

ரஞ்சனா லப்ரொப்போடு வந்தாள். "இது மூணு வருஷ பிளானுங்க அக்கா. இந்த வருஷம் தோத்தாலும் பரவாயில்ல. வயசானவங்களக் குடுத்துட்டு சின்னப் பசங்களா எடுத்தா, மூணாவது வருஷம் கப்பு நம்மளுதுதான்." எல்லாருடைய பேருக்கும் நிறம் போட்டிருந்தாள். பச்சை வைத்திருக்க, சிவப்பு மாற்றிவிட. என்னுடையது மஞ்சள்.

மஞ்சள் எண்டால் என்ன? கேக்கேல்லை. கேட்டால் சொல்லிப்போடுவாள்.

16 மார்ச்

கிறிஸ்துநாயகம் அண்ணையை அப்டன் பார்க் ரீமுக்குக் கொடுத்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயது, முதல் நாளிலிருந்து எங்களோடு நின்ற மனுசன். அழுவார் என்று பார்த்தேன். "அங்க மட்ச் முடிய மனேஜர் முருகேசன் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கிக் குடுக்கிறவனாம், பிள்ளை" என்று பல்லைக் காட்டுகிறார். ஒருத்தருக்கும் ரோசமில்லை.

5 ஏப்ரல், சனி

வந்த கையோடு எழுதுகிறேன், சப்பாத்துக் கூடக் கழற்றவில்லை.

இன்று ட்ராஃப்ட். புதிதாக விளையாட வாறவையின்ர பேரை வைத்து ஆறு ரீமும் முறைக்கு ஒரு ஆளாகத் தெரிவு செய்வது. போன வருடம் கடைசியாக வந்த ரீமுக்கு முதல் தெரிவு, அதாவது எங்களுக்கு. லக்‌ஷனைத்தான் எடுப்பாள் என்று எல்லாரும் இருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பெடியன், அடித்தால் பந்து பார்க்கைத் தாண்டி றோட்டில் கிடக்கும்.

ரஞ்சனா எழும்பி, "துசியந்தி" என்றாள்.

மண்டபமே சிரித்தது. துசியந்தி எனக்குப் பத்து வருடப் பழக்கம். செவன் கிங்ஸில் தனிய இருக்கிறவள், கெயார் ஹோமில் இரவு ஷிப்ட். நாற்பத்தாறு வயது. அவள் எறியிற பந்து அவளின்ர காலடியிலதான் விழும்.

பிறகு ரஞ்சனா விதியை வாசித்தாள். ஒரே காரில் வருகிறவர்கள் ஒரே ரீமில்தான் இருக்க வேண்டும், ஒருவரைக் கொடுத்தால் காரோடு கொடுக்க வேண்டும். துசியந்தியின் காரில் அவளுடைய தம்பியின் பிள்ளைகள் மூன்று பேர் வருகிறார்கள். பதினெட்டு வயதுப் பெட்டை ஒன்று, பதினாறு வயது இரட்டைப் பெடியள். மூன்றும் பிறந்ததிலிருந்து பந்தும் கையும். ஒரு தெரிவில் நாலு பேர்! சிரித்தவையெல்லாம் வாயை மூடினார்கள். லக்‌ஷனை அப்டன் பார்க் எடுத்தது, ஒருத்தரும் கைதட்டவில்லை.

அந்த விதியை எழுதினது ஆர்? நான்! என்ர காரில வந்த சுசிலாவை நாலு வருசத்துக்கு முந்தி வேற ரீம் எடுத்தபோது, ஒரு காரை வைச்சுக்கொண்டு இரண்டு பார்க்குக்கு எப்பிடிப் போறது எண்டு சண்டை பிடிச்சு நான் எழுதுவிச்ச விதி. நாலு வருசமா என்ர கண்ணுக்கு முன்னால கிடந்தது. எனக்கு ஏன் தெரியேல்லை? நேற்று வந்தவளுக்குத் தெரியுது!

வயிறு பத்தி எரியுது.

10 மே

தோல்வி. 14–3.

சந்தோசமாக இருந்தது. ஆண்டவரே மன்னியும். வரும் வழியில் ஐஸ்கிறீம் வாங்கிச் சாப்பிட்டேன்.

17 மே

வென்றுவிட்டோம். பந்து போட்டது துசியந்தியின் மருமகள், அந்தப் பதினெட்டு வயதுப் பெட்டை. பந்து போடுற இடம் ஐந்து வருடமாக என்னுடையது. என்னை ஆகத் தூரத்தில், மரத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள் ரஞ்சனா. இரண்டு மணித்தியாலம் நின்றேன். ஒரு பந்தும் வரவில்லை. ஒரு நாய் வந்தது.

24 மே

மட்சுக்கு முதல் கோயிலில சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனம். பொறாமை எண்டன். "ஆர் மேல?" எண்டார் சுவாமி. "பேஸ்போல் மனேஜர் மேல, சுவாமி." அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சிரிச்சவர் எண்டுதான் நினைக்கிறன். மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார். சொன்னன். போகேல்லை.

31 மே

இன்றும் வெற்றி. மட்ச் முடிய ரஞ்சனாவும் அப்டன் பார்க் மனேஜர் முருகேசன் அண்ணையும் அவருடைய வானுக்குப் பக்கத்தில் நின்று கதைத்தார்கள். "பெர்னடெற்" என்று என்ர பேர் காதில் விழுந்தது. இரண்டு தரம். என்னைக் கண்டதும் நிப்பாட்டிப்போட்டினம்.

ஆளை மாற்ற ஜூன் 28 கடைசி நாள். அதுதான். என்னையும் கொத்துரொட்டிக்கு விக்கப்போறாள். ஐந்து வருசம்! தண்ணி போத்தல் காவினது நான், உடுப்புத் தோய்ச்சது நான், கவுன்சிலோட சண்டை பிடிச்சு பார்க் எடுத்தது நான்!

குளியலறையைப் பூட்டிக்கொண்டு அழுதன்.

1 ஜூன்

அழுது முடியத்தான் மூளை வேலை செய்யுது.

துசியந்தி வெள்ளி இரவு ஷிப்ட் முடிச்சு நித்திரை இல்லாமல்தான் சனிக்கிழமை கார் ஓடுறவள். பிள்ளையளை நான் ஏத்தினால்? விதியில இருக்கு: மூன்று சனி தொடர்ந்து வேறை காரில வந்து, இரண்டு கார்க்காரரும் லீக் போர்மில சைன் வைச்சால், அவை அந்தக் கார். பிறகு என்னைக் குடுக்கிறதெண்டால் மூன்று பிள்ளையளையும் சேர்த்துத்தான் குடுக்கவேணும். குடுக்கட்டும் பாப்பம்!

7 ஜூன்

ஏற்றினேன். தம்பி வீட்டு வாசலில் துசியந்தி யூனிபோமோடு நின்று கண் கலங்கினாள். "எனக்கு இப்பிடி ஒருத்தரும் செய்யேல்லை, பெர்னடெற்." நான் கண்ணாடியைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். ஒரு மணிக்குப் பஸ்ஸில் பார்க்குக்கு வந்தாள், கையில் ஒரு பெட்டி பொரித்த பற்றீஸ். எனக்காம்.

14 ஜூன்

இரண்டாவது சனி. பிள்ளைகள் வழி முழுக்க ரெலிபோனைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பெட்டை மட்டும் கேட்டாள், "மாமி வரேல்லையா?" மாமி நித்திரை என்றேன்.

21 ஜூன்

மூன்றாவது சனி. துசியந்தி வீட்டுக்குப் போர்மைக் கொண்டு போனேன். அவள் கதவில் சாய்ந்தபடியே தூங்கி விழுகிறாள். "எங்க வைக்க?" என்றாள். "இதில. சும்மா கார் இன்சூரன்சுக்கு" எண்டன். வாசிக்கேல்லை. வைச்சிட்டாள். அண்டைக்கே லீக்குக்குக் குடுத்திட்டன்.

28 ஜூன்

என்ன செய்து வைச்சிருக்கிறன் நான்.

ரஞ்சனா எழும்பி வாசித்தாள். லக்‌ஷன் எங்களுக்கு. பதிலுக்கு அடுத்த வருடம் எங்களுக்கு வாற முதல் தெரிவும் துசியந்தியும் அப்டன் பார்க்குக்கு. "துசியந்தி அக்கா கார்ல இப்ப அவங்க மட்டுந்தாங்க. பர்சனலா ஒண்ணுமில்லீங்க."

துசியந்தி விளங்காமல் நின்றாள். "அப்ப பிள்ளையள்?"

"அவங்க பெர்னடெற் அக்கா காருங்க. நீங்கதான சைன் போட்டிருக்கீங்க?"

என்னைத் திரும்பிப் பாத்தாள். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பன். கத்தேல்லை. "கிழமையில சனி ஒரு நாள்தான் எனக்கு அதுகளோட" எண்டு மட்டும் சொன்னாள். சொல்லிப்போட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

நான் குறி வைச்சது ரஞ்சனாவுக்கு. பட்டது ஆருக்கு?

29 ஜூன்

பூசையில நற்கருணை வாங்க எழும்பேல்லை. றொமேஷ் பார்த்தார். பிறகு வரிசையில் தனியப் போனார்.

2 ஜூலை, புதன்

முருகேசன் அண்ணை இன்று சேர்ஜரிக்கு வந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு. "தங்கச்சி, ஒரு மாசமா டொக்டர் அப்பொயின்ற்மென்ற் கிடைக்குதில்லை. உம்மட்டைச் சொல்லி எடுத்துத் தரேலுமோ எண்டு ரஞ்சனாவிட்டைக் கேட்டனான். அது சரியில்லை, அக்காவுக்கு வேலையில பிரச்சினை வரும் எண்டிட்டாள்."

வானுக்குப் பக்கத்தில் கதைச்சது அதைத்தான்!

"அப்ப என்னை ட்ரேட் பண்ணக் கேக்கேல்லையோ?" எண்டன்.

"உம்மையோ?" எண்டு சிரிச்சார் மனுசன். முதுகு நோவோடையும் சிரிச்சார்.

ஒருத்தரும் என்னைத் தள்ள நினைக்கேல்லை. ஒருத்தரும் என்னை நினைக்கவேயில்லை. எது கூட நோகுது எண்டு தெரியேல்லை. வெள்ளி ஒன்பதரைக்கு அவருக்கு ஒரு இடம் இருந்தது, போட்டு அனுப்பினேன்.

5 ஜூலை, சனி

மட்ச் தொடங்க முதல் லீக் கமிட்டியிடம் போய்ச் சொன்னேன். இன்சூரன்ஸ் என்று பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன் என்று. முழுக்கச் சொல்லிவிட்டேன்.

போர்ம் செல்லாது. ட்ரேட் செல்லாது. துசியந்தியும் பிள்ளைகளும் பழையபடி ஒரே காரில் குட்மேய்ஸுக்கு. லக்‌ஷன் திரும்ப அப்டன் பார்க்குக்கு. எனக்கு இந்த வருடம் முழுக்கத் தடை. ரீமிலிருந்தும் பேர் வெட்டு. அடுத்த வருடம் விளையாடுவதென்றால் புது ஆள் மாதிரிப் பேர் கொடுக்க வேண்டும்.

ரஞ்சனாவுக்குச் சரியான கோபம். "ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமுல்லீங்க அக்கா? மஞ்சள்னா முழங்கால் வலிங்க! ஓட விட வேண்டாம்னுதான் மரத்துக்கிட்ட நிக்க வச்சேன்!"

துசியந்தி என்ர பக்கம் திரும்பவேயில்லை. வீட்டை வர றொமேஷ் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

13 செப்டெம்பர், சனி

இறுதி மட்ச். வேலிக்கு வெளியில் நின்று பார்த்தேன். குட்மேய்ஸ் வென்றது. லக்‌ஷன் இல்லாமலேயே. மூன்று வருடத் திட்டம் என்றவள் ஒரு வருடத்தில் முடித்துவிட்டாள். அவளைத் தூக்கிச் சுற்றினவையில் ஒருவர் என்ர மனுசன். துசியந்தி மூன்று பிள்ளையளையும் கட்டிப் பிடிச்சுக்கொண்டு குதிக்கிறாள்.

எரிஞ்சது. எரியேல்லை எண்டு இதில எழுதி நான் ஆரை ஏமாத்திறது?

22 பெப்ரவரி 2026, ஞாயிறு

இந்த வருட லிஸ்றில் பேர் கொடுத்திருந்தேன். கார் என்ற இடத்தில் 'தனி' என்று போட்டேன். நாற்பத்தைந்து வயது, நோகிற முழங்கால், வெறும் கார். ஆர் எடுப்பினம்?

பின்னேரம் ரெலிபோன் அடித்தது. துசியந்தி. ஏழு மாதத்துக்குப் பிறகு.

"லிஸ்றைப் பாத்தன். தனி எண்டு போட்டிருக்கிறாய்."

"ஓம்."

"பெட்டை மன்செஸ்ரருக்குப் படிக்கப் போயிட்டாள். என்ர காரில ஒரு இடம் கிடக்கு. அதைப் போடு. அப்ப நீயும் குட்மேய்ஸ்தான்."

ஏதோ சொல்லத் தொடங்கினன். "இப்ப ஒண்டும் சொல்லாதை" எண்டாள். "போர்ம் அனுப்புறன். வாசிச்சுப்போட்டுச் சைன் வை." பிறகு, "பின்சீற்றுத்தான். பெடியளுக்கு நடுவில" எண்டாள்.

"அப்ப முன்சீற்றில ஆர்?"

"ரஞ்சனா. இங்கால அடுத்த றோட்டுக்கு வீடு மாறி வந்திட்டாள்."

ரஞ்சனா! முன்சீற்றில!

எத்தினை மணிக்கு வாசலில நிக்கவேணும் எண்டு கேட்டன்.