உன் சட்டைப் பையில் இருந்த பீஸ் கட்டை

மச்சான்,

காலையில் பூஞ்சேரி கூட்ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். கடை டிவியில் புயல் எங்கே நிற்கிறது என்று வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு குட்டியானை வண்டி ரோட்டோரமாக வந்து நின்றது. பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஜெனரேட்டர். வண்டிக்காரன் நாளைக்கு வரப்போகும் வாடகைக்கு இன்றைக்கே தயாராகிறான். ஒரு தடவை ஓட்டிப் பார்த்தான். டீசல் புகை மூக்கில் ஏறியதும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பீஸ் கட்டை இருந்தது. வெள்ளைப் பீங்கான், ஒரு மூலை உடைந்தது. உன்னுடையது. டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மூலை உடைந்த கட்டை எந்த டிரான்ஸ்பார்மருக்கும் ஆகாது. அதனால்தான் அது என்னிடம் வந்தது. உன் கையில் இருந்தவரை அது நல்ல கட்டைதான்.

நாம் இரண்டு பேரும் ஒரே செக்‌ஷனில் லைன்மேன். திருக்கழுக்குன்றத்துக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற கம்பம் எல்லாம் நம் காலடி பட்டது. நீ மதுராந்தகம் ஏரிக்குக் கீழே நெல் போடும் வீட்டுப் பிள்ளை. சேற்றில் நிற்கப் பிடிக்காமல்தான் கம்பத்தில் ஏறினேன் என்று சொல்லுவாய். உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. கம்பத்தில் ஏறும் முன் டிரான்ஸ்பார்மருக்குப் போய், கரண்டை நிறுத்தப் பீஸ் கட்டைகளை நீயே பிடுங்குவாய். இரண்டு பேண்ட் பையில், ஒன்று சட்டைப் பையில். அதோடுதான் ஏறுவாய். கட்டை உன்னிடம் இருக்கும்போது எவனும் கீழே நின்று தெரியாத்தனமாகப் போட்டுவிட முடியாது.

"ஊரு உலகத்த நம்பலாம் மச்சான். பீஸ் கட்டைய மட்டும் எவன் கையிலயும் குடுக்கக் கூடாது" என்பாய்.

"என்னையக் கூடவா நம்ப மாட்ட?"

"உன்னிய நம்பித்தான் பொண்ணுக்கு மாமன் சீரு செய்யச் சொல்லிக்கீறேன். இது வேற."

இதைச் சொல்லிச் சிரிக்கும்போது உன் முன்பல் சந்து தெரியும். அந்தச் சிரிப்பைப் பற்றி எழுதினால் மேற்கொண்டு எழுத முடியாது, விடு.

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடித்த புயல் நினைவிருக்கிறதா? சதுரங்கப்பட்டினம் பக்கம் சவுக்குத் தோப்பு மொத்தமும் ஒரே திசையில் படுத்துக் கிடந்தது. வண்டி போகாத இடத்துக்குக் கம்பத்தைத் தோளில் தூக்கிப் போனோம். ஊர்க்காரர்களும் கூட வந்து தோள் கொடுத்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. கடைசியில் நீ கட்டைகளைப் போட்டுக் கரண்ட் வந்ததும் அந்த ஊரே "ஓ"வென்று கத்தியது. சின்னது பெருசு என்றில்லை, எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல். டிரான்ஸ்பார்மருக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்றாய்.

"கேட்டியா? இதுக்கோசரம்தான் மச்சான் ஏர்றது."

அதற்கப்புறம் எத்தனையோ மழை, எத்தனையோ காற்று. ஒவ்வொரு தடவையும் அந்தக் கத்தலுக்காக நின்றுவிட்டுத்தான் வண்டி ஏறுவாய். நான் திட்டுவேன். வயிறு பசிக்கும், நீ அசைய மாட்டாய்.

உன்னைக் கொண்டுபோன புயல் வேறு மாதிரி. அது ஒரு பகல் முழுக்க நின்று அடித்தது. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால் ஊர் அடையாளமே தெரியவில்லை. கம்பங்கள் இடுப்பொடிந்து கிடந்தன. ரோட்டை ரம்பத்தால் அறுத்து அறுத்துத்தான் போக வேண்டியிருந்தது. அறுபட்ட வேப்பமரத்தின் பச்சை வாசனை ஊரெல்லாம். வேடந்தாங்கல் பக்கம் இருக்கும் உன் மாமியார் வீட்டிலிருந்து போன் வந்தது. கூரை போச்சு, மாடு பிழைத்தது, ஏரிக்கரை முழுக்க நத்தைகொத்தி நாரைகள் செத்துக் கிடக்கின்றன என்றார்கள். போய்ப் பார்க்க உனக்கு நேரமில்லை. "மாடு கீதில்ல, போதும்" என்று சொல்லிவிட்டு என்னோடு கிளம்பினாய்.

போகிற இடமெல்லாம் மறியல். ரோட்டுக்கு நடுவே காலிக் குடங்கள்.

"இன்னாய்யா, பெரிய வூட்டுக்காரன் தெருவுக்கு மட்டும் ஓடுறீங்க? நாங்க மனுசன் இல்லியா?"

நீ வண்டியை விட்டு இறங்கி அவர்கள் நடுவில் போய் நின்றாய். "அக்கா, மூணு நாளா என் வூட்லயும் கரண்ட் இல்ல. என் பொண்டாட்டி என்னிய சாத்தாத கொறைதான். நீயும் ஒரு அடி போட்டுட்டு வழிய வுடு." அவர்கள் சிரித்துவிட்டார்கள். குடத்தை எடுத்துக்கொண்டு வழி விட்டார்கள். எனக்கு வாய் வராது. உனக்கு வரும்.

மறுநாள் காலையில் ஒரு புது நகருக்குப் போனோம். சிறுசேரி ஆபீஸ்களிலும் அணு ஆராய்ச்சிக் குடியிருப்பு பக்கமும் வேலை பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் கட்டிய வீடுகள். தெருக்கோடியில் லைன் இரண்டு பக்கமும் அறுந்து, நடுவில் மூன்றே வீடுகளுக்கான கம்பி தனித்துண்டாக நின்றது. அந்த மூன்றில் ஒரு வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து டீ கொடுத்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"எப்பங்ணா கரண்டு வரும்? கொழந்தைக்குக் கழுவக்கூடத் தண்ணி இல்லீங்ணா. டேங்க் காஞ்சு போச்சு."

"சாய்ந்தரத்துக்குள்ள குடுத்துருவோம்மா. கவலப்படாத" என்றாய். சொன்னதோடு நிற்காமல், தண்ணி லாரி நின்ற இடத்துக்கு நடந்துபோய் ஒரு குடம் பிடித்துத் தோளில் வைத்து வந்து அவள் வாசலில் இறக்கினாய். அவள் கணவன் வேலைக்குப் போகும் வழியில் ஜெனரேட்டர் வண்டிக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அது நமக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வழக்கம்போலக் கட்டைகளைப் பிடுங்கினாய். வழக்கம்போலப் பைகளில் போட்டாய். ஏறி, டெஸ்டரை வைத்துப் பார்த்தாய். கம்பி செத்துக் கிடந்தது. கம்பிகளைச் சேர்த்துக் கட்டி, தப்பி வரும் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் சங்கிலி அன்றைக்கு வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தது. அது வரட்டும் என்று காத்திருந்தால் சாயங்காலம் ஆகிவிடும். நீ அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாய்.

நான் கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தெருவில் மரம் அறுக்கும் ரம்பம் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் இன்னொரு சத்தம் கலந்ததை நான் கவனிக்கவில்லை. "மச்சான்" என்று ஒரு தடவை கூப்பிட்டாய். ஏதோ சாமான் கேட்கிறாய் என்றுதான் தலையைத் தூக்கினேன். நீ கம்பியைப் பிடித்தபடி இருந்தாய். அப்புறம் விழுந்தாய்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. கட்டைகள் மூன்றும் உன் பையில் இருக்கின்றன. டிரான்ஸ்பார்மர் பக்கம் ஈ காக்கை இல்லை. அப்படியிருக்கக் கரண்ட் எங்கிருந்து வந்தது? அப்போதுதான் அந்த இன்னொரு சத்தம் காதில் விழுந்தது. ஓடினேன். டீ கொடுத்தவள் வீட்டின் பின்பக்கம் குட்டியானையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வண்டிக்காரன் வயரைக் கொண்டுபோய் வீட்டு பிளக்கில் சொருகியிருந்தான். மெயினை அணைக்கவில்லை. மோட்டாருக்குப் போன கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்கும் போயிருக்கிறது. அந்தப் பெண் மொட்டை மாடியைப் பார்த்து நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"தண்ணி ஏறுதுங்ணா."

ஜெனரேட்டர்காரனின் சட்டையைப் பிடித்து அடித்தேன். அவன் தடுக்கக்கூட இல்லை. "லைன்லதான் கரண்டே இல்லியே அண்ணாத்த, மெயின எதுக்கு ஆஃப் பண்ணணும்?" என்று கேட்டான். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அவன் கெட்டவன் இல்லை. காலையிலிருந்து தெருத்தெருவாகப் போய் டேங்க் நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தவன். எத்தனை தெருவில் அதே மாதிரி சொருகினானோ, எத்தனை கம்பத்தில் நல்லவேளையாக ஆள் இல்லையோ. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

செங்கல்பட்டுக்கு உன்னை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழியெல்லாம் புளியமரம் விழுந்து கிடந்தது. சுற்றிச் சுற்றிப் போனோம். உன் தலை என் மடியில் இருந்தது. உன் சட்டைப் பையில், விழுந்ததில் மூலை உடைந்த அந்தக் கட்டை என் கையில் குத்திக்கொண்டே வந்தது. எங்கேயோ ஓரிடத்தில் நீ போய்விட்டாய். எந்த இடம் என்று எனக்குத் தெரியாது. அந்த ரோட்டில் இன்றைக்கும் போய் வருகிறேன், எல்லா இடமும் அந்த இடமாகத்தான் இருக்கிறது.

பால் தெளித்துவிட்டு வந்து உன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே உன் மனைவி சுவரில் சாய்ந்திருந்தாள். திடீரென்று ஃபேன் சுற்றியது. தெரு முழுக்க "ஓ"வென்று கத்தல். உள்ளேயிருந்து உன் மகளும் கத்தினாள் மச்சான். பழக்கம். கரண்ட் வந்தால் கத்துவது. நீ சொல்லிக்கொடுத்தது. கத்தி முடிப்பதற்குள் அம்மாவின் முகத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து தெருவில் இறங்கிவிட்டேன்.

உன் மனைவி என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அண்ணே, அவரு எதுனா சொன்னாரா?" நீ கூப்பிட்டதைச் சொன்னேன். "உன்னியத்தான் கூப்டாரா?" என்றாள். தலையாட்டினேன். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

உன் வேலையை வாரிசு என்று அவளுக்குக் கொடுத்தார்கள். நம் செக்‌ஷன் ஆபீசிலேயே. புகார் போனை எடுக்கும் வேலை. முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. புயல் நாளில் அந்தப் போனில் என்னென்ன வரும் என்று உனக்குத் தெரியும். அப்பன் ஆத்தாளையெல்லாம் இழுப்பார்கள். ஆனால் அவள் யாருக்கும் பதில் கொடுப்பதில்லை. எந்தத் தெருவிலிருந்து யார் கூப்பிட்டாலும், வணக்கம்கூடச் சொல்லாமல், முதலில் ஒன்றைத்தான் கேட்பாள்.

"வூட்ல ஜெனரேட்டர் ஓடுதா? மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

"நாங்க இன்னா கேக்குறோம், நீ இன்னா கேட்டுகினு கீற?"

"அத அப்பால சொல்றேன். மெயின் ஆஃப் பண்ணீங்களா?"

கிளிப்பிள்ளை என்று ஆபீசில் கேலி செய்தார்கள். அவள் நிறுத்தவில்லை. நான் இப்போது ஃபோர்மேன். ஆளை மேலே ஏற்றுவது என் வேலை. சங்கிலி கட்டாமல் யாரையும் ஏற்றுவதில்லை. ஏற்றும் முன் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுகிறேன். கதவு திறக்காத வீடும் உண்டு. கண்ணில் படாத கொல்லைப்புறமும் உண்டு.

போன வருஷ மழையில் தேவனேரிப் பக்கம் அப்படி ஒரு வேலை. கடற்கரையோர விடுதிகள் இருக்கும் பகுதி. வீடுகளைத் தட்டியாயிற்று. புதிதாக வந்த ஒருவன் கம்பத்தில் ஏறிக்கொண்டிருந்தான், சங்கிலியை மாட்டக்கூட இன்னும் கம்பிக்குப் போய்ச் சேரவில்லை. என் போன் அடித்தது. உன் மனைவி. பெயர்கூடச் சொல்லவில்லை.

"அண்ணே, ஆள எறக்கு. அந்தத் தெருவுல ஒரு வூட்ல ஓடுதாம். இப்பத்தான் கேட்டேன். ஆமான்றான். எறக்குண்ணே!"

அப்படி ஒரு குரல் அவளிடமிருந்து நான் கேட்டதில்லை. உன்னை எடுத்த அன்றைக்கும் அவள் அப்படிக் கத்தவில்லை. நான் கீழேயிருந்து கத்தினேன். அவன் "இன்னா ஃபோர்மேன், பாதில எறங்கச் சொல்ற" என்று முனகிக்கொண்டே இறங்கி வந்தான். கட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனான். நான் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். போனை அணைக்க மறந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவளும் போனை வைக்கவில்லை.

"எறங்கிட்டானாண்ணே?"

"எறங்கிட்டாம்மா."

அந்த வீட்டு ஜெனரேட்டரை நிறுத்தி, சங்கிலி கட்டி, வேலையை முடித்துக் கட்டைகளைப் போட்டபோது தெரு "ஓ"வென்று கத்தியது. நான் அவளுக்கு முன்பே போன் போட்டு, அதைத் தெருப் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் காதில் வைத்தேன். "கேட்டுச்சுண்ணே" என்றாள். அழுதாளா தெரியவில்லை. உடனே அடுத்த போன் வந்துவிட்டது போலிருக்கிறது, யாரிடமோ "மெயின் ஆஃப் பண்ணீங்களா?" என்று கேட்பது எனக்குக் கேட்டது.

நாளைக்குப் புயல் கரையைக் கடக்குமாம். அவள் போனுக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் கம்பத்துக்குக் கீழே இருப்பேன். தேவனேரியில் பாதிக் கம்பத்திலிருந்து முனகிக்கொண்டே இறங்கி வந்தவனுக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. அவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பெயர் வைக்க வரச் சொன்னான், போய் வந்தேன்.